முதலில் யாரிடம் சொல்வது?

நான் கோவில்பட்டிக்காரன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, சென்னையில் ஐடி வேலை. எனக்கு ஈர்ப்பு ஆண்கள் மீதுதான் என்பது ஏழாவது, எட்டாவது படிக்கும்போதே தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரிய வந்தது இருபத்தைந்து வயதுக்கு அப்புறம். இடைப்பட்ட வருடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் மூலமாக என்னிடம் வந்து பேசும் பையன்கள், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "அண்ணே, வீட்ல சொல்லிரட்டுமா?"

சொல்லலாம். ஆனால் யாரிடம் முதலில், யாரிடம் கடைசியில் என்ற வரிசை முக்கியம். உன் சாப்பாடும் படிப்பும் படுக்கிற இடமும் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குக் கடைசியில் தெரிந்தால் போதும். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பதினாறு வயதுப் பையனை வீட்டை விட்டுத் துரத்தினால் அவனுக்குப் போக இடம் கிடையாது. அதைவிடப் பெரிய உண்மை இந்த விஷயத்தில் வேறு எதுவும் இல்லை.

எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாத பையன்கள் குறைவு. நான் சுமாராகத்தான் ஆடுவேன். ஆனால் மைதானத்துக்குப் போகத் தவறமாட்டேன். ஒரு வகுப்பு மேலே படித்த அண்ணன் ஒருவர் பயிற்சி முடிந்ததும் குழாயடியில் குனிந்து தலையை நனைத்துவிட்டு, ஈரக்கையாலேயே முடியைப் பின்னால் தள்ளுவார். மற்ற பையன்கள் பெண்கள் பள்ளி விடும் நேரத்தைக் கணக்குப் போட்டார்கள். நான் ஹாக்கிப் பயிற்சி முடியும் நேரத்தைக் கணக்குப் போட்டேன். அதில் அப்போது எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பயம் வகுப்பறையிலிருந்து வந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு நடையும் கையசைவும் கொஞ்சம் நளினமாக இருக்கும். 'ஒம்போது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாத்தியார் ஒருவர் வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயரை மட்டும் குரலை மாற்றி இழுத்துக் கூப்பிடுவார். வகுப்பே சிரிக்கும். அவன் "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்கு எழுந்திருக்கும்போதே ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வான், எதுவும் அசைந்துவிடக் கூடாது என்று. பதினொன்றாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனுக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. நடை உடைக்கும் ஈர்ப்புக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. திருநங்கையாக இருப்பது இரண்டும் இல்லாத மூன்றாவது விஷயம். பள்ளிக்கூடத்தில் இது எல்லாவற்றுக்கும் ஒரே வசவுதான். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒரு பையனைப் பார்த்துச் சிரிக்கும்போது, அதே அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் இரண்டு மூன்று பேரும் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று அவர்கள் அங்கேயே யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.

2009 ஜூலை 2ஆம் தேதி, டெல்லி உயர் நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு வயதைத் தாண்டிய இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றது. நான் அப்போதுதான் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை பார்சல் டீ வாங்கத் தூக்குவாளியோடு கடையில் நிற்கிறேன், ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறார். "கலி முத்திருச்சு" என்றார் ஒருவர். "எல்லாம் வெள்ளக்காரன் கொண்டாந்தது" என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அந்தச் சட்டத்தைத்தான் என்பது, அது 1860இல் அவர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்தது என்பது, எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த செய்தி ஒன்றே ஒன்று. என்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போய் வழக்கு நடத்தும் அளவுக்கு இருக்கிறார்கள். டீயை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஆறிப்போயிருந்தது.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ராத்திரி டிவியில் பரம்பரை வைத்தியர்கள் வந்து உட்கார்ந்து, எந்தப் பழக்கம் இருந்தால் நரம்பு தளர்ந்து போகும், எந்தப் பழக்கம் இருந்தால் குடும்ப வாழ்க்கைக்கே லாயக்கில்லாமல் போய்விடும் என்று பட்டியல் போடுவார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எந்த ஊரில் எந்த லாட்ஜில் எந்தத் தேதியில் வைத்தியர் வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ பையன்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டுக்கொண்ட முதல் பாடம் இதுதான். முழுக்கப் பொய். பிளஸ் டூ படிக்கும்போது, நான் இருப்பதால்தான் இந்த வீட்டுக்கு அவமானம் வரப்போகிறது, இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கும் அளவுக்கு அது என்னைக் கொண்டுபோனது. அந்த நாட்களை இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. அந்த இடத்தில் இப்போது யாராவது இருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அரசு நடத்தும் மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் "தூக்கம் வரல, சாகணும் போல இருக்கு" என்று மட்டும் சொன்னாலே போதும், பேச்சைத் தொடங்கிவிடலாம். பதினெட்டுக்குக் கீழே இருந்து வீட்டில் அடி விழுந்தால் 1098, அது குழந்தைகளுக்கான உதவி எண்.

என்னைத் தூக்கிவிட்டது ஒரு பிரவுசிங் சென்டர். பாதி உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. பின்னால் ஆள் நடந்தால் திரையை மாற்றிவிட வேண்டும். அங்கே ஓரினம் என்ற சென்னைக் குழுவின் இணையதளம் கண்ணில் பட்டது. அதில் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று தெரிந்தபோது, நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விவகாரத்துக்கா இத்தனை நாள் அழுதோம் என்று கோபம் வந்தது. அழுகையைவிட அந்தக் கோபம் எனக்கு நல்லது செய்தது. கையில் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்த மாதிரி.

இந்தக் காலத்துப் பையன்களுக்கு பிரவுசிங் சென்டர் தேவையில்லை, போனிலேயே எல்லாம் வந்துவிடும். அதோடு ஆபத்தும் வரும். டேட்டிங் ஆப்கள் எல்லாம் பதினெட்டு வயது ஆனவர்களுக்கு. வயதைக் கூட்டிப் போட்டு உள்ளே போவது சுலபம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. பதினாறு வயதுப் பையன் என்று தெரிந்தும் வரச்சொல்லும் ஆள் காதலிக்கக் கூப்பிடவில்லை. 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி அது குற்றம். ஆண் குழந்தைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், நீ சம்மதித்தாலும் குற்றம் அவருடையதுதான். பதினெட்டு தாண்டியவர்களுக்கு வரும் தொந்தரவு வேறு மாதிரி. சந்திக்கலாம் என்று ஒதுக்குப்புறமான இடத்துக்கு வரவழைத்து, நாலு பேர் சேர்ந்து அடித்து, ஜிபேயில் பணத்தைப் பிடுங்கி, "வீட்டுக்கு போட்டோ அனுப்பவா?" என்று மிரட்டும் கும்பல்கள் இருக்கின்றன. என் நண்பன் ஒருவனுக்கு நடந்தது. முதல் தடவை பணம் கொடுத்தான். அடுத்த வாரமே திரும்பக் கேட்டார்கள். மிரட்டுபவனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முடிவே கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தான், கூட இரண்டு நண்பர்கள் போனார்கள். ஸ்டேஷனில் இழிவாகப் பேசுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாகப் போகாதே என்கிறேன். தமிழ்நாட்டில் 2022இல் காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, பால்புதுமையர்களை, அதாவது நம்மைப் போன்றவர்களையும் திருநர்களையும், துன்புறுத்தக் கூடாது என்று தனி விதியே சேர்த்திருக்கிறார்கள். அதை நம்பி உள்ளே போகலாம், உள்ளே போனதும் அதைச் சொல்லலாம்.

முதல் சந்திப்பு பகல் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள காபிக் கடையில். எங்கே போகிறாய் என்று ஒரு நண்பனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே ஒரு நண்பனிடம் முதலில் சொல்லி வைக்க வேண்டும்.

நான் முதலில் சொன்னதும் நண்பனிடம்தான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், ஹாஸ்டல். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. மறுபடியும் குற்றவாளியாகிவிட்டேன். மெஸ்ஸில் டிவி ஓடுகிறது, ஆளுக்கொரு கமென்ட். தட்டில் முகத்தை வைத்துக்கொண்டு யார் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கவனித்தேன். பொள்ளாச்சிக்காரன் ஒருவன், என் ரூம்மேட், சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அவனவன் வாழ்க்கை, இதுல கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். ஒருவர் நம்மைப் பற்றித் தெரியாதபோது நம்மைப் போன்றவர்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்பதுதான் நம்பகமான சோதனை. படிக்கிற பையன்களுக்கு இதையே சொல்கிறேன். ஒரு செய்தியையோ, காலேஜில் நடந்த ஒரு விஷயத்தையோ பேச்சில் போட்டுவிட்டுப் பார். கேலி செய்கிறவனைத் தாண்டிப் போய்விடு.

சில வாரம் கழித்து, ஹாஸ்டலுக்கு எதிரே பரோட்டாக் கடையில் அவனிடம் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "அதுக்கு ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?" என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, "என் மேல ஏதாச்சும்...?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். "சரி" என்று இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா பக்கம் திரும்பினான். இந்தக் கேள்வி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். மனம் நோக வேண்டாம். அவனுக்கும் இது முதல் தடவை, தெரியாமல் கேட்கிறான். நேராகப் பதில் சொன்னால் அதோடு போய்விடும். அவன் இன்றைக்கும் என் நெருங்கிய நண்பன்.

அவனிடம் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது, வாய்விட்டு ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை குரல் நடுங்குவது குறைகிறது. வீட்டில் சொல்லும்போது நம் குரல் நடுங்கினால், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவர்கள் பயந்துவிடுவார்கள். அதற்காகவே வெளியில் இரண்டு மூன்று பேரிடம் முதலில் சொல்லிப் பழகுவது நல்லது.

அக்காவிடம் சொன்னபோது எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மேடவாக்கத்தில் ரூம், கையில் சம்பளம், என் பெயரில் பேங்க் கணக்கு. அக்காவை சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும் வேலைக்காகச் சென்னைக்கு நகை வாங்க வந்தவளை பஸ் ஏற்றிவிடும்போது சொன்னேன். அழுதாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சின்ன வயசுல உன்னைய யாராச்சும் ஏதாச்சும் பண்ணாங்களா?" அப்படி எதுவும் இல்லை என்றேன். அப்படி நடந்தவர்களும் இருக்கிறார்கள், நடக்காதவர்களும் இருக்கிறார்கள், அதனால் யாருக்கும் ஈர்ப்பு மாறுவதில்லை என்பதைச் சொல்ல அந்த பஸ் ஸ்டாண்டில் நேரம் போதவில்லை. பிறகு போனில் பேசினோம், நிறைய நாள் பேசினோம். அவளுக்கு ஒரு பயம் இருந்தது. புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் அவளைத்தான் குத்திக்காட்டுவார்கள். அது சின்னப் பயம் இல்லை. நம் ரகசியத்தை ஒருவரிடம் கொடுக்கும்போது அதன் பாரத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். "மச்சானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், மாமியாருக்கு வேண்டாம்" என்று நாங்கள் வெளிப்படையாகவே பேசி முடிவு செய்தோம். யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்பதை அன்றைக்கே பேசிவிடுங்கள். எத்தனையோ வீடுகளில் விஷயம் கெட்டது யாரோ கல்யாண வீட்டில் வாய் தவறி உளறியதால்தான்.

2018 செப்டம்பர் 6. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பால் உறவு குற்றமில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஆபீஸில் இருந்தேன். அக்காவிடமிருந்து மெசேஜ்: "பேப்பர்ல வந்தா அம்மா கேட்பாங்க. இப்ப சொல்லாத. கொஞ்சம் பொறு." அவள் சொன்னது சரி. தீர்ப்பு வந்த சூட்டில் வீட்டில் சொன்ன இரண்டு நண்பர்களுக்கு, "கோர்ட்டு சொன்னா சரியாயிருமா?" என்று பேச்சு சட்டத்தைப் பற்றிய சண்டையாகப் போய்விட்டது. தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு, பரீட்சை நேரம் எதிலும் சொல்லாதீர்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பண்டிகை அந்த நினைவோடுதான் வரும்.

நான் தேர்ந்தெடுத்தது ஒன்றுமில்லாத ஒரு வாரநாள் மதியம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், சாயங்காலம்தான் வருவார். இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் முந்தைய தடவை ஊருக்கு வந்தபோதே சென்னைக்கு எடுத்துப் போய்விட்டேன். என் அம்மா அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர் இல்லை. ஆனாலும் பிடுங்கி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். டிஜிலாக்கரில் நகல் இருந்தாலும் அசலும் உங்கள் கையில் இருப்பது நல்லது.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவிப் போட்டுக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தால் இருவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். "எனக்குப் பொண்ணுங்க மேல விருப்பம் வராதும்மா. ஆம்பளைங்க மேலதான். சின்ன வயசுலேர்ந்தே." அம்மா கை நிற்கவில்லை. கீரை முடிந்தது. வெறுங்காம்பை எடுத்து அதையும் உருவினார். "என்னய்யா சொல்லுத?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நாங்க போன பிறகு உனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

நான் சட்டம், அறிவியல், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் படித்துத் தயாராகப் போயிருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாரிப்பு எதுவும் இல்லை. நம் அம்மாக்களின் கோபம், அழுகை, "ஊர் என்ன சொல்லும்" எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். வயதான காலத்தில் என் பிள்ளை தனியாகக் கிடப்பானா? அதற்குப் பதில் கிடைக்கும்வரை வேறு எந்த விளக்கமும் உள்ளே போகாது.

பதில் கிடைப்பதற்குள் நிறைய நடந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குறி கேட்கப் போனார். செண்பகவல்லி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு கையில் கயிறு கட்டிவிட்டார். கயிறு கட்டிக்கொண்டேன், அதில் எனக்குக் கெடுதல் இல்லை. ஆனால் டாக்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. மதுரையில் ஒரு தனியார் டாக்டர், ஆறு மாதம் மாத்திரை போட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னார். எந்தப் பெண்ணுக்கு? அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். அக்கா விசாரித்து வேறொரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க பையனுக்கு நோய் இல்லம்மா, மருந்தும் இல்ல. உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா அதுக்கு வேணா நான் தரேன்" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார், முதல் முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டு.

மாற்றிக் காட்டுகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018லேயே இது நோயில்லை என்று சொல்லிவிட்டது. ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தடை செய்ய வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. அந்த டாக்டர் மீது புகார் கொடுக்கலாம்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சென்னையில்தான் கிடைத்தது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர், ஐம்பதைத் தாண்டியவர்கள், இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அம்மாவை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். எதையும் விளக்கவில்லை. வத்தக்குழம்பு, அப்பளம், சாதாரணப் பேச்சு. சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் எழுந்து போய் பிரஷர் மாத்திரையைப் பிரித்து மற்றவரின் டம்ளர் பக்கத்தில் வைத்தார். மற்றவர் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா, "அந்த உசரமான தம்பிக்கு சுகர் வேற இருக்காம். இவரு சீனியே வாங்கறதில்லையாம்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கஞ்சி ஊற்றும் கேள்வி வரவில்லை. உங்கள் பெற்றோர் கண்ணில் அப்படி ஒரு வீடு படுவதற்கு வழி செய்யுங்கள். முடியாவிட்டால் அவர்களைப் போன்ற இன்னொரு பெற்றோரிடம் பேசவையுங்கள். ஸ்வீகார் என்று பெற்றோர்களே நடத்தும் குழு ஒன்று இருக்கிறது. 2023இல் தன்பால் திருமண வழக்கு நடந்தபோது 400க்கும் மேற்பட்ட பெற்றோர்கள் சேர்ந்து தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்களே, அவர்கள்தான்.

அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. அம்மாவும் அக்காவும் சொன்னார்கள். மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. 2020இல் ஊரடங்கு வந்து நான் கோவில்பட்டிக்கே வந்து லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், அம்மா மூலமாகப் பேசிக்கொண்டோம். "அவனை ஃபேனைக் குறைக்கச் சொல்லு." அடுத்த வருடம் ஜூன் மாதம், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு பேப்பரில் வந்தது. இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு. இந்த விஷயத்தைத் தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அந்த நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, தானே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதியிருந்தார். அப்பா அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மடித்து வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "ஒரு ஜட்ஜே எனக்குத் தெரியல, படிச்சிக்கிட்டேங்காரு" என்றார். அன்று ராத்திரி, "சாப்பிட வா" என்று என்னை நேராகக் கூப்பிட்டார். மகன் சொன்னால் அப்பாக்கள் இறங்கி வருவது கஷ்டம். அவர் மதிக்கிற இடத்திலிருந்து ஒருவர் இறங்கிக் காட்டினால் சுலபமாக இருக்கிறது. உங்கள் அப்பா யாரை மதிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். குடும்ப டாக்டராக இருக்கலாம், பழைய தலைமை ஆசிரியராக இருக்கலாம், பாதிரியாராகக்கூட இருக்கலாம்.

எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரி முடியாது. அறையில் பூட்டிவைத்த வீடுகள் இருக்கின்றன. பதினெட்டு ஆனவரை யாரும், பெற்றவர்களும்கூட, அடைத்துவைக்க முடியாது. 2025 மே மாதம் வேலூர் மாவட்டத்து வழக்கு ஒன்றில், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் தன் பெண் துணையோடு போக சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது. அடைத்துவைத்தவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு என்ற சொல்லையும், வெளியில் இருக்கும் ஒரு நண்பரின் எண்ணையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் எழுதி வைத்தது உதவாது. பதினெட்டு ஆகாதவர்களுக்கு நான் சொல்வது: ஓடிப்போகாதே. படி. மார்க் எடு. ஹாஸ்டல் இருக்கும் காலேஜாகப் பார்த்துச் சேர்.

கல்யாணச் சட்டம் இன்னும் நமக்கு இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அதனால் வங்கிக் கணக்கில் நாமினி, மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடுவது, உயில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அது பெரியவர்கள் பாடு, தனியாக எழுத வேண்டும்.

சொந்தக்காரர்கள் இப்போதும் ஜாதகம் கேட்கிறார்கள். "அவனுக்கு விருப்பமில்ல, நாங்க பாக்கல" என்று அம்மாவே சொல்லிவிடுகிறார், அதற்கு மேல் விளக்குவதில்லை. சித்தப்பாவுக்குத் தெரியும். ஹாக்கி ஆடிய அண்ணனுக்குக்கூட இப்போது தெரியும், அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், பார்த்தால் கட்டிப்பிடித்து விசாரிப்பார். திருநெல்வேலி அத்தைக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.